குடியுரிமை அலுவலகத்தில் ஸ்டாப் இல்லை

எங்கள் மாப்பிள்ளை பஸ்ஸை எடுத்தால் காற்றுகூட ஓரமாய் ஒதுங்கி வழிவிடும். சரி, கூட்டித்தான் சொல்கிறேன். சைக்கிள்காரர்கள் ஒதுங்குவார்கள்; அது நிச்சயம்.

அரசுப் போக்குவரத்தில் அவர் ஒப்பந்த ஓட்டுநர். கைக்குழந்தையாக இந்த நாட்டுக்கு வந்தவர். பல் முளைத்ததும் பெண் கட்டியதும் இங்கேதான். ஆனாலும் நிரந்தர வேலை குடிமக்களுக்கு மட்டும் என்பது சட்டம். குடியுரிமை மனு ஒருவழியாகத் தேறியிருந்தது. காலையில் உறுதிமொழி எடுத்து, சான்றிதழை அன்று மாலைக்குள் தலைமைப் பணிமனையில் கொடுக்க வேண்டும். தவறினால் இந்த முறை ஆளெடுப்பில் இடமில்லை.

விடிந்ததிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. போட்ட சட்டையைக் கழற்றி வேறு மாட்டினார். பிறகு பழையதையே மாட்டினார். நானும் என் மகளும் அவரோடு பஸ் ஏறினோம். பயணியாக உட்கார்ந்தும் அவருடைய வலது கால் சும்மா இருக்கவில்லை. எதிரே வண்டி வரும்போதெல்லாம் தரையை மிதித்தது.

“பஸ்ஸ ஓட்டை போட்டுடாதீங்க மாப்பிள்ளை,” என்றேன்.

சந்தை நிறுத்தத்தில் ஓட்டுநருக்குத் தலைசுற்றல். ஸ்டீரிங் மேல் சாய்ந்துவிட்டார். அவரை முன் இருக்கையில் படுக்கவைத்துவிட்டு நடத்துநர் பணிமனைக்குப் போன் போட்டார்; பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

“மாத்து ஆள் மில் ஸ்டாப்புக்குத்தான் வருவாராம்ணே. அதுவரைக்கும் நீங்க...”

மாப்பிள்ளை போய் உட்கார்ந்தார். நேரமோ ஓடுகிறது; அவரோ எல்லா நிறுத்தத்திலும் நிற்கிறார்.

“நிறுத்தாமப் போங்களேன்,” என்று மகள் பல்லைக் கடித்தாள்.

“கை காட்டுறவங்கள விட்டுட்டு எப்படிப் போறது?”

குடியுரிமை அலுவலகம் வந்தது. வந்த வேகத்தில் பின்னால் போனது.

“ஏங்க, ஆபீஸ்!”

“அங்க ஸ்டாப் இல்லையே,” என்று சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

மில் நிறுத்தத்தில் வண்டியை ஒப்படைத்துவிட்டுத் திரும்பி ஓடினோம். உறுதிமொழி எடுத்தவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

“முடிஞ்சிடுச்சு சார். அடுத்த மாசம் வாங்க,” என்றார் எழுத்தர்.

மகள் விடவில்லை. “அதிகாரி இன்னும் கிளம்பலையே. ஒருத்தர்தானே, ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க சார்.”

புறப்பட எழுந்த அதிகாரி, நின்றபடியே உறுதிமொழியைச் சொல்லச் சொன்னார். மாப்பிள்ளை முழங்கிய முழக்கத்தில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. மாலைக்குள் சான்றிதழ் பணிமனையில், வேலையும் நிரந்தரம்.

எழுதியதை நான் வாசித்துக் காட்டும்போது, கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தவர் நின்றார்.

“கண்ணாடி அதிர்ந்ததாவே இருந்துட்டுப் போகட்டும் அத்தை. வேலை நிரந்தரம்னு மட்டும் எழுதாதீங்க. சான்றிதழ வாங்கி வச்சிருக்காங்க. ஆர்டர் இன்னும் வரல.”