பகலில் ஓடிய மீட்டர்

நான் எழுத உட்கார்ந்திருப்பதே கொஞ்சம் அதிகப்படிதான். பத்தாவதோடு நின்ற படிப்பு. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பார்சல்மேல் ஊர்ப் பெயர்கள் மட்டுமே. நாலு பேர் கூடின இடத்தில் பேசவும் வராது. உங்களை எதிரில் உட்கார்த்தி வைத்துச் சொல்வதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

என் போன் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கணக்குச் சொல்கிறது. இந்த வாரம் அதன் திரை இவ்வளவு நேரம் எரிந்ததாம். போன வாரத்தைவிடக் கூடுதலாம். நான் கேட்கவே இல்லை. மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "எம்மா, என்னைய மட்டும் வையுத. நீ எம்புட்டு நேரம் பாத்திருக்கன்னு பாரு" என்று சிரித்தான். வெளிச்சம் எவ்வளவு நேரம் எரிந்தது என்று ஒரு பெட்டி கோள் சொல்வது எனக்குப் புதிதில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே அப்படி ஒரு பெட்டியோடு குடித்தனம் நடத்தியவள் நான்.

கல்யாணமாகித் திருத்தங்கலுக்கு வந்த புதிதில் நாங்கள் ஒரு காம்பவுண்டில் இருந்தோம். எதிரும் புதிருமாக ஆறு வீடுகள், நடுவில் அடிகுழாய், கடைசியில் எல்லாருக்கும் பொதுவான குளியலறை. மொத்தத்துக்கும் ஒரே கரண்டு மீட்டர். வீட்டுக்கு ஒரு குண்டு பல்பு, அவ்வளவுதான். யார் வீட்டில் அதிகம் எரிந்தது என்று மாதாமாதம் சண்டை வரும். சண்டையைத் தீர்க்க வீட்டுச் சொந்தக்கார அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் பழைய அச்சு மிஷின்களை வாங்கி உடைத்து விற்கிறவர். மிஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டுவதற்கு அதில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதைக் கழற்றி வீட்டுக்கு ஒன்றாக வாசல் நிலைக்குப் பக்கத்தில் மாட்டி, உள்ளே இருக்கும் பல்போடு சேர்த்துவிட்டார். பல்பு எரிந்தால் பெட்டிக்குள் ஒரு குட்டிச் சக்கரம் சுற்றும், எண் நகரும். அணைத்தால் நின்றுவிடும். நாங்கள் அதை மணிமீட்டர் என்போம்.

புதுப் பெட்டி வந்த அன்று என் வீட்டுக்காரர் மேல் மை வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் அடிக்கும் என்பதை மறந்து, அந்தப் பெட்டியில்தான் வாசனை வருகிறது என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அவர் ஒரு அச்சுக் கம்பெனியில் கட்டிங் மிஷினில் இருந்தார். எனக்கு அதே கம்பெனியில் வாழ்த்து அட்டைக்கு ஜிகினா தூவுகிற வேலை. எங்கள் சோற்றில்கூட மினுக்கும்.

கரண்டு புதிதாக வந்த காலத்தில் வெளிநாட்டிலும் முதலில் இப்படித்தான், விளக்கு எரிந்த நேரத்தை மட்டும் எண்ணுகிற கடிகாரம் வைத்திருந்தார்கள் என்று மகன் போனில் தேடிச் சொன்னான். எல்லா விளக்கும் ஒரே அளவாக இருந்தால்தான் அந்தக் கணக்குச் சரியாக வருமாம். இதை எங்கள் காம்பவுண்டில் ஒருத்தர் போன் இல்லாமலே கண்டுபிடித்தார். முதல் வீட்டு நூர்ஜகான் அக்கா. அவர் வீட்டுக்காரர் சைக்கிளில் ஜவுளி யாவாரம் போகிறவர். அண்ணாச்சி கொடுத்த நாற்பது வாட் பல்பைக் கழற்றிவிட்டு அக்கா நூறு வாட் போட்டுக்கொண்டார். மீட்டருக்கு நேரம்தானே தெரியும், வெளிச்சமா தெரியும்? ஒரு சாயங்காலம் அண்ணாச்சி வாசலில் நின்று கண்ணைக் கசக்கினார்.

"என்னம்மா, சூரியன் ஒங்க வீட்டுலதான் ராத்தங்குதா?"

"செவத்துக்கு வெள்ளையடிச்சிருக்கோம்ல அண்ணாச்சி, அதான் பளிச்சுனு இருக்கு. வாங்க, காப்பி சாப்பிடுதீகளா?"

அண்ணாச்சி காப்பியைக் குடித்தார். நூறு வாட் பல்பையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

மீட்டர் வெளியே இருந்ததால் எல்லார் கணக்கும் எல்லாருக்கும் தெரியும். "ஏ புதுப்பொண்ணு, ஒங்க வீட்டு மீட்டரு ஏளு மணிக்கே படுத்துருதே, ஒடம்புக்கு ஆகலையா?" என்று குழாயடியில் அக்கா கேட்டதற்கு, பாதிக் குடத்தோடு உள்ளே ஓடிவந்துவிட்டேன்.

அக்காவின் கண் சண்முகத்தாய் வீட்டு மீட்டரிலும் இருந்தது. நாங்கள் தாயக்கா என்று கூப்பிடுவோம். எங்கள் வீட்டை ஒட்டிய வீடு. புருஷன் இல்லை, தனி ஆள். ஆனைக்குட்டம் பக்கத்து வெடி கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை என்று சொல்லித்தான் குடிவந்தார். அப்படிச் சொல்லாவிட்டால் வீடு கிடைத்திருக்காது. வெடிமருந்து ரூமில் வேலை செய்கிறவர்களுக்கு வீடு இல்லை என்பது அண்ணாச்சியின் சட்டம். அவர் மட்டுமில்லை, அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் சட்டம். காலையில் கம்பெனி வண்டியில் போய் இருட்டுகிற நேரத்தில் வருகிற தாயக்காவின் மீட்டர் மட்டும் எங்கள் எல்லார் மீட்டரையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. காது மடலுக்குப் பின்னால் சில நாள் ஏதோ மினுங்கும். என்னைப் போலவே ஜிகினாவாக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் எங்கள் கம்பெனிக்குப் பேப்பர் லோடு வரவில்லை. மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி மீட்டர் பார்க்க வந்தார். தாயக்கா வீட்டு வாசலில் நின்றவர் நகரவில்லை. கதவில் பூட்டுத் தொங்கியது. மீட்டரில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, உள்ள ஆரு?"

"ஆரும் இல்ல அண்ணாச்சி. தாயக்கா வேலைக்குப் போயிருக்கு."

"ஆளில்லாத வீட்டுல லைட்டுக்கு என்ன சோலி?"

கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். உள்ளே பல்பு எரிந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் பூட்டிய வீட்டுக்குள் பகலில் விளக்கு எரிந்தால் ஒரே ஒரு சந்தேகம்தான் வரும்: யாரோ கதவை அடைத்துக்கொண்டு திருட்டுத்தனமாக வெடி உருட்டுகிறார்கள். அப்படி உருட்டின வீடு வெடித்தால் பக்கத்து வீடுகளையும் சேர்த்துக்கொண்டுதான் போகும்.

"நான் அப்பமே சொன்னேன்ல, இவ மீட்டரு குதிரையால்ல ஓடுதுன்னு" என்ற நூர்ஜகான் அக்கா, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போனார். போகிற போக்கில் என்னைப் பார்த்து, "ஏ புள்ள, இன்னும் நிக்கியே! அடுப்ப அணைச்சிட்டு வா!" என்று கத்தினார். எங்கள் வீட்டு அடுப்பு பற்றவைக்கவே இல்லை. இருந்தாலும் உள்ளே போய் அதில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தேன்.

பூட்டை உடைக்கலாமே என்று தெருவில் யாரோ சொன்னார்கள். "இரும்ப இரும்பால அடிக்கவா? பொறி பறந்தா என்னாகும்? நல்லாச் சொன்ன போ" என்றார் அண்ணாச்சி. கேட்டுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் நின்றோம்.

வண்டி வந்து தாயக்கா தூக்குவாளியோடு இறங்கினபோது கூட்டத்தைப் பார்த்து நடை தளர்ந்தது.

"கதவத் தொற தாயி."

திறந்தார். அண்ணாச்சி உள்ளே போனார். ஒரு பாய், ஒரு தகரப்பெட்டி, கொடியில் இரண்டு சேலை. பானையைக்கூடத் திறந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. அவருக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

"பின்ன எதுக்குத்தா பட்டப்பகல்ல எரியுது? சொல்லு. ஆரு வந்துட்டுப் போறா?"

தாயக்கா தூக்குவாளியை வாசலில் வைத்தார்.

"அணை மொதல்ல."

தாயக்கா சுவிட்சுப் பக்கம் ஒரு எட்டு வைத்தார். கை பாதி உயர்ந்தது. பிறகு இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"குளிச்சிட்டு அணைக்கேன் அண்ணாச்சி."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். உங்களுக்காகச் சொல்கிறேன். பெட்டியில் அடுக்கிக் கட்டுகிற பேக்கிங்காரர்கள் வீட்டுக்கு வந்ததும் சுவிட்சைத் தொடலாம். வெடிக்குள் மருந்து செலுத்துகிறவர்கள் தொடப் பயப்படுவார்கள். சேலை மடிப்பிலும் முடியிலும் நகத்திலும் மினுங்குகிற மருந்துத் தூள் ஒட்டியிருக்கும். சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் உள்ளே ஊசிமுனை அளவுக்கு ஒரு பொறி தெறிக்கும். இருட்டு வீட்டுக்குள் வந்து சுவிட்சைத் தடவப் பயம். மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றவும் முடியாது. யாரையாவது போட்டுத் தரச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் காலையில் குளித்த கையோடு லைட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எரியட்டும் என்று நாளெல்லாம் விட்டிருக்கிறார்.

  அண்ணாச்சி சுவிட்சையும் தாயக்காவின் முந்தானையையும் மாறி மாறிப் பார்த்தார். தானும் அணைக்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தாயக்கா தூக்குவாளியை வாசலிலேயே விட்டுவிட்டுக் குளியலறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து மீட்டர் நின்றது.

அந்தக் காம்பவுண்டு இருந்த இடத்தில் இப்போது காலண்டர் குடோன் இருக்கிறது. குண்டு பல்பு கடைகளில் பார்த்தே வெகுநாளாயிற்று. மணிமீட்டர்களை அண்ணாச்சி பிறகு தானே கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார் என்று கேள்வி. வீட்டுக்கு ஒரு கரண்டு மீட்டர் வந்துவிட்டதால் பக்கத்து வீட்டில் எப்போது விளக்கு எரிகிறது என்று யாருக்கும் தெரியாது. நூர்ஜகான் அக்கா மகனோடு விருதுநகர்ப் பக்கம் போய்விட்டார். தாயக்கா எங்கே என்று தெரியவில்லை. வாழ்த்து அட்டை வாங்குவாரும் இல்லை. ஜிகினா வேலை போய் எத்தனையோ காலமாயிற்று.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு போனாரே, அதற்கு மறுநாள் காலையில் ஆள் அனுப்பி, மாதக் கடைசிக்குள் தாயக்காவை வீட்டைக் காலி செய்யச் சொன்னார். தாயக்கா சரி என்று சொன்னார். பிறகு வீட்டுச் சாவியை நூர்ஜகான் அக்காவிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அக்கா போய்க் கதவைத் திறந்து லைட்டைப் போட்டார்.