சுவரைப் பார்த்த நாற்காலி

நர்சிங் முடித்து கவுன்சிலில் பதிந்து எனக்குப் பதிவு எண் வந்த அன்று, நைனா அதை ஒரு பழைய பஸ் பாஸின் பின்பக்கம் எழுதித் தன் செல்போன் உறைக்குள் வைத்துக்கொண்டார். எங்கள் ஊரிலிருந்து ஆந்திரா கூப்பிடு தூரம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட அதை எடுத்துக் காட்டியிருக்கிறார். "எம்பொண்ணு நம்பரு. இது இருந்தாதான் நர்சு" என்பாராம். கேள்விப்பட்டபோது எனக்கு மானமே போயிற்று. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இனிமேல் யாரிடமும் காட்டக் கூடாது என்று கத்தினேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த வாரம் டீக்கடையில் காட்டினார்.

நான் எதற்கும் திட்டம் போடுகிற ஆள். நாலு கோடு போட்ட நோட்டு ஒன்றில் எல்லாம் எழுதி வைத்திருந்தேன். சென்னையில் ஐ.சி.யூ.வில் இரண்டு வருஷம். கூடவே ஜெர்மன் மொழி வகுப்பு. அதற்குப் பிறகு வெளிநாடு. ஐ.சி.யூ. அனுபவம் இல்லாவிட்டால் வெளிநாட்டில் எங்களை எவரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் இடமும் கிடைத்தது. மூன்று மாதம் கழித்து வந்து சேரச் சொன்னார்கள். முதல் வருஷம் தரும் பயிற்சிச் சம்பளம் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும்தான் காணும். அந்த ஒரு வருஷம் வீட்டை நைனா பார்த்துக்கொள்வார் என்பதை நோட்டில் எழுதவே இல்லை. வீட்டுக்குக் கூரை இருக்கிறது என்று யாராவது எழுதி வைப்பார்களா?

நைனாவுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பெரிய இயந்திரச் சுத்தியலால் அடித்து லாரி பாகங்கள் செய்யும் கம்பெனி. அந்தச் சுத்தியலை எல்லோரும் ஹேமர் என்பார்கள். அதன் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர், அதுவும் காண்ட்ராக்டில். அந்தக் கம்பெனியின் முதலுதவி அறை நர்ஸ் அக்கா பிரசவத்துக்குப் போவதாக இருந்தார். நைனா சூப்பர்வைசரிடம் சொல்லி அந்த மூன்று மாதத்துக்கு என்னை உள்ளே சேர்த்துவிட்டார். ஐ.சி.யூ.வுக்குப் போக வேண்டியவள் பேண்டேஜ் ஒட்டப் போகிறேனா என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

பொறுப்பை ஒப்படைத்த அன்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டே மருந்து அலமாரி, ஊசி டப்பா, பதிவேடு எல்லாம் காட்டினார். கடைசியில் காது பரிசோதிக்கும் கருவியைக் காட்டினார். ஹெட்போன் மாட்டி, நான் பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு 'பீப்' கேட்கும். கேட்டவர் விரலைத் தூக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அறையில் ஆட்கள் உட்காரும் நாற்காலி என் மேசையைப் பார்த்துப் போட்டிருந்தது.

"அக்கா, பட்டன அமுக்குறது அவங்களுக்குத் தெரியுமே" என்றேன்.

"தெரியும்மா. கையப் பாத்துதான் வெரலத் தூக்குறாங்கோ. நாற்காலியத் திருப்பிப் போட்டினா பாதி ஷெட்டு ஊட்டுக்குப் போய்டும். அப்டியே வுட்டுடு."

எனக்கு வந்ததே கோபம். நான்கு வருஷம் எதற்குப் படித்தோம்? காது போனவனைப் போகவில்லை என்று எழுதினால், மிச்சம் இருக்கிற காதும் போகும். ஹேமர் ஆட்களுக்கு வருஷா வருஷம் நடக்கும் காது பரிசோதனை தொடங்கிய முதல் நாள், ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, நாற்காலியைச் சுவர் பார்க்கத் திருப்பிப் போட்டேன்.

அன்று வந்தவர்களில் எங்கள் தெரு சித்தப்பாவும் ஒருவர். சொந்தமில்லை, நைனாவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெரியபாளையம் கோயிலுக்குப் போனவர். சுவரைப் பார்த்து உட்கார்ந்ததும் இரண்டு தடவை திரும்பினார். "திரும்பாதீங்க சித்தப்பா" என்றேன். நான் அழுத்தாதபோது அவர் விரல் மேலே எழுந்தது. அழுத்தியபோது சும்மா இருந்தது. இருந்தது இருந்தபடி எழுதினேன். மதியம் வந்த கம்பெனி டாக்டர், இவர் இனி ஹேமர் பக்கம் நிற்கக் கூடாது என்று குறித்தார். வேறு இடம் காலி இல்லை, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். காண்ட்ராக்ட் ஆளுக்கு அவ்வளவுதான்.

சாயங்காலம் சித்தப்பா கம்பெனி கேட்டில் எனக்காக நின்றுகொண்டிருந்தார். "உங்க நைனாவையும் இப்டித்தான் உக்கார வெப்பியாம்மா?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

வீட்டுக்கு வந்தால் டி.வி. சத்தம் தெருமுனை வரை கேட்டது. அம்மா நைனாவின் தோளைத் தொட்டுவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தாள். அவர் முதல் தடவை "இன்னா?" என்றார், இரண்டாம் தடவை சும்மா சிரித்தார். இதெல்லாம் நான் பிறந்ததிலிருந்து பார்ப்பது. ஹேமர் ஷெட் ஆட்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், அது அவர்கள் சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பரீட்சையில் செவித்திறன் இழப்பு பற்றி நாலு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். அந்த நாலு பக்கமும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. அன்று என்மேல் எனக்கு வந்த வெட்கம் இன்றுவரை போகவில்லை.

"நாளிக்கு எங்க பேட்ச்சு" என்றார் நைனா, தட்டைப் பார்த்தபடி.

"தெரியும் நைனா" என்றேன்.

மறுநாள் காலை ஆட்கள் வருவதற்கு முன்னால் நாற்காலியை மறுபடி என் மேசையைப் பார்க்கத் திருப்பினேன். ஏதோ குழப்பத்தில் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். தெரிந்தேதான் செய்தேன். நைனா தேறாவிட்டால் அவருக்கு வேலை இல்லை, எனக்குச் சென்னை இல்லை. ஒரே ஒரு வருஷம் தள்ளிவிட்டால் போதும், பிறகு நானே அவரை வேலையை விட்டு நிற்கச் சொல்வேன் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதலில் வந்த இருவரும் என் கையைப் பார்த்தே விரலைத் தூக்கித் தேறிவிட்டார்கள். "தேங்க்ஸ்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது நைனா. ஹெல்மெட்டைக் கழற்றிக் கதவோரம் வைத்தார். நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உக்காரு நைனா" என்றேன்.

அவர் உட்காரவில்லை. நாற்காலியைத் தூக்கிச் சுவர் பார்க்கத் திருப்பிப் போட்டு, அதன் பிறகுதான் உட்கார்ந்தார். "நேத்து அவன எப்டி உக்கார வெச்சியோ அப்டியே எனக்கும் வை" என்றார். "அவனும் நம்ம தெருவுலதான் கீறான். தெனம் அவன் மூஞ்சில முழிக்கணும்."

ஹெட்போனை மாட்டிவிட்டேன். காதோரம் இரும்புத் தூள் ஒட்டியிருந்தது, விரலால் துடைத்துவிட்டேன். முதலில் வலது காது. முழங்கால் மேல் ஆள்காட்டி விரலைத் தயாராக வைத்துக்கொண்டார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. அழுத்தினேன். விரல் அசையவில்லை. சத்தத்தைக் கூட்டினேன், அழுத்தினேன். மறுபடி கூட்டினேன். சாதாரணமாக நாம் பேசும் சத்தத்தையும் தாண்டிவிட்டேன். அந்த முதுகு ஆடாமல் அசையாமல் காத்துக்கொண்டிருந்தது.

"நான் ரெடியாத்தான் கீறேன்" என்றார் சுவரைப் பார்த்து, தேவைக்கு மேல் சத்தமாக. "நீ ஆரம்பிம்மா."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுதால் அவருக்குக் கேட்காது என்பது அப்புறம்தான் உறைத்தது. அதற்குமேல் பொத்திக்கொள்ளவில்லை. அழுதுகொண்டே கூட்டி, அழுதுகொண்டே அழுத்தினேன். கருவியின் சத்த அளவில் முக்கால் பாகம் போன பிறகு அவர் விரல் சட்டென்று மேலே எழுந்தது, ரொம்பச் சந்தோஷமாக.

முன்னால் தேறிய இருவரையும் அன்றே திரும்பக் கூப்பிட்டுச் சுவரைப் பார்க்க வைத்தேன். ஒருவர் தேறினார், ஒருவர் தேறவில்லை. சென்னை ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டேன். பிரசவத்துக்குப் போன அக்கா திரும்பி வராததால் இந்த அறை எனக்கே நின்றுவிட்டது. ஆறு வருஷமாகிறது. தினமும் காலையில் ஹேமர் ஷெட்டுக்குப் போய், காது மூடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிறேன். எனக்குப் பின்னால் என்னைப் பேய் என்பார்களாம். சொல்லிவிட்டுப் போகட்டும். நைனாவும் சித்தப்பாவும் பெரியபாளையம் ரோட்டில் ஒரு செடித் தோட்டத்தில் தண்ணீர் விடுகிறார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்பதில்லை, ஆனாலும் நாள் பூரா பேசிக்கொண்டிருக்கிறார்கள். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் எழுதியது ஒன்றும் நடக்கவில்லை.

அன்று நைனாவின் படிவத்தை எழுதி முடித்து, அடியில் கையெழுத்துப் போட்டு, பதிவு எண்ணையும் எழுதினேன். "குடு பாக்கலாம்" என்று கை நீட்டினார். படிவத்தில் அவர் காது கேட்கும் அளவைக் காட்டும் கோடு கீழே சரிந்து விழுந்திருந்ததை அவர் பார்க்கவில்லை. செல்போன் உறையைப் பிரித்து அந்தப் பழைய பஸ் பாஸை வெளியே எடுத்தார். என் கையெழுத்துக்குக் கீழே இருந்த எண்ணோடு ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, காகிதம் கசங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார்.