தெங் தொடாத கை

தேநீர்க் குவளையில் விரல்களைச் சுடவைத்துக்கொண்டுதான் மருத்துவர் தெங் யாருடைய மணிக்கட்டையும் தொடுவார். சில்லென்ற விரல் பட்டால் நாடி பயந்துவிடுமாம். ஷாவோசிங் நகரில் கால்வாயை ஒட்டிய அவருடைய அறையில், வசந்தம் பிறந்தால் கூட்டம் அலைமோதும். சீன வைத்தியத்தில் வசந்தம் கல்லீரலின் பருவம். இடது மணிக்கட்டில் நடுவிரலை அழுத்தினால் கல்லீரல் பேசும் என்பார். முறுக்கிய தந்தி போல நாடி விறைத்திருந்தால், உள்ளே கோபம் கிடக்கிறது.

போன வாரம் நூடுல்ஸ் கடை ஹுவாங் விலா வலியோடு வந்தார். யாரோடு சண்டை என்று கேட்டார் தெங்.

"சண்டையே இல்ல டாக்டர். மச்சான் என்ன பேசினாலும் வாய மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அதான் வலிக்குது. முழுங்கின கோபமெல்லாம் கல்லீரலுக்குத்தான் போகும். வெளிய விடுய்யா."

மருந்து கட்டிக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார். தெங் கோபித்து யாரும் பார்த்ததில்லை.

ஊரார் கோபத்தையெல்லாம் விரலால் அளந்தவர், மனைவி யூஃபென்னின் நாடியை மட்டும் பார்த்ததே இல்லை. வீட்டு மனுஷருக்குப் பார்த்தால் கணிப்பு பிசகும் என்று சொல்லி, பக்கத்து அறை மருத்துவரிடம் தள்ளிவிடுவார். உண்மை வேறு. தன்னோடு குடித்தனம் நடத்திய இத்தனை வருடத்தில் அவளுக்குள் என்னென்ன சேர்ந்திருக்கிறதோ என்று உள்ளூர உதறல்.

நேற்று பக்கத்து அறை பூட்டிக் கிடந்தது. யூஃபென் வரிசையில் உட்கார்ந்திருந்து, முறை வந்ததும் இடது கையைச் சிறு தலையணைமேல் நீட்டினாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கண் மங்குகிறது என்றாள். கண் கல்லீரலின் வாசல். தெங் நாக்கை நீட்டச் சொன்னார், தூக்கத்தைப் பற்றி விசாரித்தார், விரலைச் சுடவைத்துக்கொண்டே இருந்தார்.

"தேநீர் ஆறிப்போச்சு டாக்டரே. பாருங்க."

வைத்தார். நாடி இளகி, வழுவழுவென்று ஓடியது. மாற்றி மாற்றி அழுத்தினார், விறைப்பே இல்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வயசுதான், சாமந்திப்பூத் தண்ணீர் குடி, கண்ணாடி போட்டுக்கொள் என்றவர், தன்னை மறந்து சொல்லிவிட்டார்: "கோபமே இல்லையே."

"எப்படி இருக்கும்? கோபம் வந்தவுடனே உன்னைத் திட்டித் தீர்த்துடறேனே. நீதான் வாயே தொறக்கறதில்ல. உன் கைய யார் பார்க்கிறது?"

வரிசை முழுக்கச் சிரித்தது. தெங்கும் சிரித்தார். சிரித்தபடியே, மடித்துவிட்டிருந்த இடது சட்டைக் கையை இறக்கி, மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.