போண்டா, கத்தி, அப்பளம்

ரெஜினா அக்கா இன்று காலை இறந்துவிட்டார். மூளையில் கட்டி. முப்பத்தொரு வயது.

நான் போஸ்ட் போடுவதெல்லாம் இன்ஸ்டாவில்தான்... ஆனால் அக்கா அக்கவுன்ட் வைத்திருந்தது இங்கே. அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

கோட்டூர்புரத்தில் எங்கள் பிளாக் ஆட்களுக்கு அவரைத் தெரியும். மூளை பற்றி ஆராய்ச்சி செய்தவர். ஞாயிற்றுக்கிழமை சாந்தோமில் பூசை முடிந்ததும், ஒரு ஸ்டாப் வாட்ச், ஒரு கட்டு ஃபார்மோடு எங்கள் அசோசியேஷன் ரூமுக்கு வந்துவிடுவார்.

மூளைக்கு டெஸ்ட் என்றதும், அது இருக்கிறவங்களுக்குத்தானே என்று கேட்டேன். "நார்மல் ஆளுங்க வேணும்டா. நீ வா" என்றார்.

என்னை நார்மல் என்று சொன்ன முதல் ஆள். அநேகமாக கடைசி ஆளும்.

டெஸ்ட் ரொம்பச் சின்னது. மேஜை மேல் கையை முஷ்டியாக வைக்க வேண்டும், அப்புறம் கத்தி மாதிரி பக்கவாட்டில், அப்புறம் உள்ளங்கையை விரித்து. அதே வரிசை, வேகமாக, திரும்பத் திரும்ப. மூளையில் கோளாறு இருந்தால் வரிசை குழம்புமாம்.

எவ்வளவு குழம்பினால் கோளாறு என்று சொல்ல, கோளாறு இல்லாதவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். நம்ம ஊர் ஆட்களை வைத்து அந்த அளவை உண்டாக்கத்தான் அக்கா அலைந்தார்.

அதில் ஒரு விஷயத்தில் மட்டும் கறார். எல்லோருக்கும் ஒரே மாதிரி. அக்கா பேசாமல் மூன்று தடவை செய்து காட்டுவார், நாமும் பேசாமல் செய்ய வேண்டும். வாயால் சொல்லிக்கொண்டே செய்தால் சுலபமாகிவிடும்.

இது தெரிந்தபின் நான் சும்மா இருப்பேனா... "போண்டா, கத்தி, அப்பளம்" என்று முணுமுணுக்க பிளாக் பசங்க அத்தனை பேருக்கும் கோச்சிங் கொடுத்தேன். ஒருத்தனும் தப்பே செய்யவில்லை.

அக்கா கண்டுபிடித்துவிட்டார். எங்கள் ஃபார்ம் அத்தனையிலும் குறுக்கே கோடு. திட்டவில்லை. அடுத்த வாரத்திலிருந்து, டெஸ்டுக்கு உட்காரும் எல்லோர் வாயிலும் ஒரு ஆரஞ்சு மிட்டாய்.

சில மாதம் கழித்து, ஃபார்மில் கோடு விழுந்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டார். என் முறை. அக்கா செய்து காட்டினார்.

முஷ்டி, உள்ளங்கை, உள்ளங்கை.

கத்தியே வரவில்லை. என்னைத் திருப்பிக் கலாய்க்கிறார், செம, என்று நினைத்தேன். "இன்னாக்கா, கத்திய வூட்லயே வுட்டுட்டியா?"

அக்கா சிரிக்கவில்லை. பேசாமல் பார் என்று சொல்லிவிட்டு மறுபடி காட்டினார். அதேதான். மூன்றாவது தடவையும் அதேதான்.

சரி, ஆட்டம்னா ஆட்டம். வாயில் மிட்டாயோடு நானும் அச்சு அசலாக அந்தத் தப்பையே செய்தேன்.

அக்கா ஸ்டாப் வாட்சை நிறுத்தினார். முழு மார்க் போட்டு டிக் அடித்தார். "சூப்பர்டா. ஒரு தப்பு கூட இல்ல."

அக்காவையே ஏமாத்திட்டேன் என்று பசங்களிடம் ஒரு வாரம் பீற்றிக்கொண்டேன். வேறு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல ஏதோ இருக்கிறது என்றே தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து அடையாறு சிக்னலில் வலிப்பு வந்து வண்டியோடு விழுந்தார். ஸ்கேனில்தான் கட்டி தெரிந்தது.

ஃபார்மில் என் நம்பரைப் பார்த்து இன்று அவர் அண்ணன் போன் செய்தார். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். "முன்னாடி ஒண்ணுமே தெரியலப்பா. யாருக்குமே தெரியல" என்று அழுதார்.

அடக்கம் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன்.

காலையிலிருந்து கை தானாக மேஜைக்குப் போகிறது... முஷ்டி, கத்தி, உள்ளங்கை. எனக்குச் சரியாகத்தான் வருகிறது. கருமம்.

அடக்கம் நாளை மூன்று மணிக்கு. பிளாக் பசங்க எல்லாரும் வந்துடுங்க.

அக்கா... என் ஃபார்ம்ல குறுக்க கோடு போட்டுடுக்கா. நான் தப்பாதான் செஞ்சேன்.

போய்ட்டு வா.