வெள்ளைப் பூவுக்கு எந்தக் கடல்

கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் நான் கடலைப் பார்த்ததில்லை. இதில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவிலேயே கடல் பார்க்காத பெண்கள் பத்துப் பேர் இருந்தோம். ஆனால் எனக்கு மட்டும் எழுத்தில் வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தார். வடக்கே எங்கோ பனிக்குள்ளிருந்து அவர் போடும் ஒவ்வொரு இன்லண்ட் லெட்டரின் கடைசி வரியிலும், "இந்த லீவில் உன்னையும் பாப்பாவையும் கண்டிப்பாகக் கடலுக்குக் கூட்டிப்போகிறேன்" என்று இருக்கும். எந்தக் கடல் என்று இருக்காது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம் வந்தார். இரண்டு மாத லீவு. சொந்தக்காரர் கல்யாணம், ஓடு மாற்றுவது, பத்திர ஆபீஸ் என்று நாள் ஓடி, கடைசியில் பதினோரு நாள்தான் மிச்சம் இருந்தது. இதையும் விட்டால் இன்னொரு வருஷம் லெட்டரில்தான் கடல்.

எனக்குக் கன்னியாகுமரி போக வேண்டும். எதிர்வீட்டு அக்கா போய்வந்து, சிப்பி மாலையும் கலர் மணல் பொட்டலமும் காட்டி, சூரியன் கடலிலிருந்து ஏறி கடலுக்குள்ளேயே முங்குவதைப் பற்றி ஒரு வாரம் பேசினாள். சூரியன் எங்கே போனாலும் எனக்கு ஒன்றுதான். அவர் பக்கத்தில், கடலோரமாக, கையில் ஒரு வேலையும் இல்லாமல் செத்த நேரம் சும்மா நிற்க வேண்டும். தேங்காய்ப் பை, விபூதிப் பொட்டலம், கும்பிட வேண்டிய சன்னதி எதுவும் இருக்கக் கூடாது. இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்ததால் "கன்னியாகுமரி" என்று மட்டும் சொன்னேன்.

அவருடைய அக்கா, என் மதினி, ராஜபாளையம் பக்கம் செட்டியார்பட்டியில் வாழ்க்கைப்பட்டவர். சேதி கேட்டதும் மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார்.

"ஏட்டி, என் தம்பி நல்லபடியா வந்து சேர்ந்தா திருச்செந்தூர்க் கடல்ல முங்க வைக்கேன்னு நேர்ந்திருக்கேன். நேர்ச்சையப் பாக்கி வச்சுக்கிட்டு ஊர் சுத்தப் போவியளோ?"

"அப்ப ரெண்டு ஊருக்கும் போயிருவோம் மதினி."

"நேர்ச்சைக்குப் போனா நேரா வீட்டுக்குத்தான் வரணும். இதுகூடத் தெரியாதா?"

தெரியும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சாமி காரியம் முடித்துவிட்டு வேறு வாசல் மிதிக்க மாட்டோம். அப்படியே கன்னியாகுமரிக்கு முதலில் போகலாம் என்றாலும், சங்கரன்கோவில் தாண்டுவதற்குள் மூன்று தடவை வாந்தி எடுக்கும் ஐந்து வயதுப் பாப்பாவை வைத்துக்கொண்டு இரண்டு ஊர் சுற்ற முடியாது. அவரைக் கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்க" என்று வெளியே போய்விட்டார். எல்லையில் துப்பாக்கி பிடிக்கிற ஆளுக்கு, வீட்டில் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நாக்கு மடங்கிப்போகும்.

கடைசியில் மதினிதான் சொன்னார். "பூக்கட்டிப் பாத்திருவோம். சாமி சொன்னா ரெண்டு பேரும் கேப்போம்."

ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து சன்னதியில் வைத்து, குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வரன் முடிப்பதற்கும் கிணறு தோண்டுவதற்கும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். கடற்கரைக்குப் பூக்கட்டியது நாங்கள் மட்டுமாகத்தான் இருக்கும். பொட்டலம் மடிக்கும் பொறுப்பை, எந்தப் பக்கமும் சேராத ஆள் என்று அவரிடம் கொடுத்தோம்.

வெள்ளிக்கிழமை காலை மடவார் வளாகத்துக் கோவிலுக்குப் போனோம். மதினி முன்னால் நடக்க, அவர் என் பக்கம் சாய்ந்து, "வெள்ளை வந்தா கன்னியாகுமரி" என்றார். நான் தலையாட்டினேன். சன்னதிப் படியில் பொட்டலங்களை வைத்தார். பாப்பா ஒன்றை எடுத்தாள். மற்றதை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எடுத்ததைப் பிரித்தார். நந்தியாவட்டை. வெள்ளைவெளேரென்று.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"முருகா! நான் சொன்னேன்ல, திருச்செந்தூர்தான்."

"என்ன மதினி, வெள்ளைன்னா கன்னியாகுமரில்லா?"

"ஆரு சொன்னா?"

இருவரும் அவரைப் பார்த்தோம். அவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் எதுக்கு எதுன்னு கொழம்பிப் போச்சு" என்றார். இன்னொரு தரம் பார்க்கலாமா என்று நான் கேட்டதற்கு, சாமியிடம் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்கக் கூடாது என்று மதினி முறைத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு என் காது மேலேயே சந்தேகம். வெள்ளை என்றாரா, வெள்ளை வராவிட்டால் என்றாரா? மதினி அவ்வளவு உறுதியாக நடந்துபோனதைப் பார்க்கப் பார்க்க என் உறுதி கரைந்துகொண்டே வந்தது.

மதினி ஊருக்குக் கிளம்பிப் போன பிறகு, மத்தியானம் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் அந்த இன்னொரு பொட்டலம் இருந்தது. பிரித்தேன். அதுவும் நந்தியாவட்டை.

சோப்புக் கையோடு போய் அவர் முன்னால் நின்றேன். கட்டிலில் படுத்திருந்தவர் பூவைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"ரெண்டுலயும் வெள்ளையா?"

"ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செகப்புன்னா எது வந்தாலும் ஒரு ஆளு மொகம் வாடும்லா. அதான் அக்காட்டயும் வெள்ளைன்னேன், உங்கிட்டயும் வெள்ளைன்னேன்."

"பொறவு எந்த பஸ்ல ஏறுறதா இருந்திய?"

"அதை யோசிக்கல."

சிரிப்பதா, அந்தச் சட்டையால் ஒன்று போடுவதா என்று தெரியவில்லை. "சரி, உங்க மனசுல எந்தக் கடல்? அதையாவது சொல்லுங்க."

தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எந்தக் கடலும் இல்ல. நாலு நாள் ரயில்ல வந்தேன், நாலு நாள் ரயில்ல போகணும். மிச்ச நாளாச்சும் இந்தக் கட்டில்ல சும்மா கெடக்கணும் போல இருக்கு."

"அப்ப லெட்டர்ல எதுக்கு எழுதுனிய?"

"நீ சந்தோசப்படுவேன்னு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறு வருஷமாக அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் படித்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. ஒரு மனுஷன் மேல் ஒரே சமயத்தில் இரண்டும் எப்படி வரும் என்று எனக்கு விளங்கவில்லை. மறுநாள் செட்டியார்பட்டிக்குப் போய், அவருக்கு உடம்பெல்லாம் அசதி, பஸ் ஏற முடியாது, நாம் இருவர் மட்டும் திருச்செந்தூர் போய் முருகனிடம் சொல்லிவிட்டு வருவோம் என்று மதினியிடம் சொன்னேன். பூ விஷயத்தை மூச்சுவிடவில்லை. அவர் இல்லாமல் கன்னியாகுமரிக்குப் போக எனக்கு மனசு வரவில்லை.

பாப்பாவை அவரிடம் விட்டுவிட்டு, அதற்கு மறுநாள் விடிகாலையில் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் மதினியோடு சேர்ந்துகொண்டேன். திருநெல்வேலியில் பஸ் மாறி, வெயில் ஏறியபோது கடல் முன்னால் நின்றேன். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர், அதுவும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காத தண்ணீர். அலை வந்து பாதத்துக்கு அடியில் மண்ணை உருவிக்கொண்டு போனதும், "ஏங்க!" என்று சந்தோஷமாகத் திரும்பினேன். அங்கே மதினி நின்றார். அப்போதுதான் அழுகை வந்தது. நான் இத்தனை வருஷமாகக் கடலுக்கு ஏங்கினேனா, அவருக்கு ஏங்கினேனா?

"ஏட்டி, கண்ணுல மண்ணு விழுந்திருச்சா?"

"ஆமா மதினி."

மதினி முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு பையிலிருந்து ஒரு காலி எண்ணெய்க் கேனை எடுத்து, முழங்கால் வரை இறங்கி, கடல் தண்ணீரை மொண்டார். "அவன் வரலைன்னா என்ன, கடலு அவன்ட்டப் போகட்டும். முருகன் ஒத்துக்கிடுவாரு."

கேனோடு மதினி நேரே எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மறுநாள் காலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் அவரைப் பலகை போட்டு உட்காரவைத்து, மதினி கேனைத் தலையில் கவிழ்த்தார். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "உப்புக் கரிக்கு" என்றார். பாப்பா கைதட்டினாள். காலி கேனை எடுத்துக்கொண்டு மதினி பாப்பாவோடு உள்ளே போனார்.

சிமெண்டுத் தரையில் அந்தத் தண்ணீர் பரவி, மெதுவாகச் சாக்கடைப் பக்கம் ஓடியது. அதில் கால் நனைய அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன நிக்க?" என்றார்.

"சும்மாதான்" என்றேன்.

தண்ணீர் முழுக்க வடியும் வரை அவரும் எழுந்திருக்கவில்லை.