விஜயதசமியன்று மின்னாத போர்டு

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு சின்னப் பட்டறையில் இருந்தேன். தறியில் நூல் அறுந்தால் சிவப்பு விளக்கு மின்னிக் காட்டும் போர்டு செய்தோம். புரோகிராம் எழுதுவது நான். ஈயத்தை உருக்கி சால்டர் வைப்பது, கருமத்தம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஓர் அக்கா. தறி ஓட்டிய கணவர் படுத்த படுக்கையாகிவிட, இந்த வேலையை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

விஜயதசமியன்று காலையில் தறிக்காரர் ஒருவர் போர்டைப் பார்க்க வந்தார். நல்ல நாள் பார்த்து அவரே சொன்ன நேரம். சுவிட்சைப் போட்டேன். எல்இடி மின்னவில்லை. முந்தின நாள் மதியம் வரை மின்னியதுதான். கரண்ட் சரியாக வந்தது. சிப்பைக் கழற்றி, அதிலிருந்த புரோகிராமை அழித்து, மறுபடி எழுதிப் போட்டேன். வேறு சிப்பும் போட்டேன். ம்ஹூம். விளக்கை எரிய விடு, போதும் என்று புரோகிராமைச் சுருக்கிப் பார்த்தேன், அதற்கும் அசையவில்லை. "நல்ல நாளும் அதுவுமா இப்படி ஆயிப்போச்சேங்க" என்று சொல்லிவிட்டுத் தறிக்காரர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அந்த வயதில் மூக்கின் மேல் கோபம். நேற்று ஓடிய புரோகிராமுக்கு இன்று என்ன காய்ச்சலா வந்துவிட்டது? ஈயம் சரியாகப் பிடிக்காமல் மங்கிக் கிடக்கும் ஜாயிண்ட்தான் இப்படி மறுநாளே கைவிரிக்கும். முதலாளி முன்னாலேயே கத்தினேன்.

"கண்ணை எங்கக்கா வெச்சுட்டு சால்டர் வெச்சீங்க?"

"ஒவ்வொண்ணாப் பாத்துத்தான் வெச்சேனுங்க தம்பி" என்றார் அக்கா. ஒவ்வொரு ஜாயிண்ட்டாக மறுபடி சூடு காட்டத் தொடங்கினார். பாதிகூட ஆகவில்லை, முதலாளி சத்தம் போடாமல் சொன்னார்: "போதுமுங்க அம்மணி. நாளையிலிருந்து வர வேண்டாமுங்க."

மறுநாள் அந்தப் போர்டைத் துடைக்க எடுத்தேன். சிப்புக்குப் பக்கத்தில் கிரிஸ்டல் என்று ஒரு சின்ன வெள்ளி டப்பா உண்டு. அது துடித்தால்தான் சிப்புக்கு உயிர். அதன் தலையில் குங்குமம். ஆயுத பூஜையன்று சாயங்காலம் ஸ்குரூ டிரைவர் முதல் டிரில்லிங் மெஷின் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவன் நான். போர்டில் பொட்டு வைக்கத் தோதாக இருந்தது அந்த டப்பா ஒன்றுதான். தண்ணீராய்க் கரைத்த சந்தனம் வழிந்து, அதன் இரண்டு கால்களுக்கும் நடுவில் அப்பியிருந்தது. பட்டறை முழுக்கப் பொட்டாக இருந்ததில் என் கண் அதைப் பொருட்படுத்தவே இல்லை. ஸ்பிரிட்டில் பிரஷை முக்கித் தேய்த்துக் காயவிட்டு சுவிட்சைப் போட்டேன். மின்னியது. அடப் பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"என்ன கோளாறுங்க?" என்றார் முதலாளி.

"ஜாயிண்ட்தானுங்க" என்றேன், வாய் கூசாமல்.

ஒரு வாரம் கழித்து அக்கா வந்தார். திரும்ப வேலை கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"எந்த ஜாயிண்ட்டுங்க தம்பி நான் கெடுத்துப்போட்டேன்? காட்டுனீங்கன்னா, போற எடத்துல சூதானமா வெப்பேனுங்க."

முதலாளி பக்கத்தில் நின்றிருந்தார். நான் போர்டைத் திருப்பி, கண்ணில் பட்ட ஒரு ஜாயிண்ட்டைத் தொட்டுக் காட்டினேன். அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஆமாங்க, கொஞ்சம் மங்கலாத்தான் இருக்குது" என்றார்.