சுரங்கிக்கு வந்த கூட்டம்

கண்டி நகரின் கொழும்பு வீதியில் சுரங்கி என்றொரு மலிவு விலைக் கடை இருந்தது. சுரங்கி என்பது முதலாளியின் மகள் பெயர். தொழிற்சாலையில் கழித்துவிட்ட சட்டை, பொத்தான் குறைந்த பிளவுஸ், பெட்டி நசுங்கிய சப்பாத்து, பிளாஸ்டிக் வாளி, அலுமினியச் சட்டி என்று எதை எடுத்தாலும் வெளிவிலையில் பாதி. கண்டியில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து மாத்தளை, குருநாகல், பதுளை, இரத்தினபுரி என்று முதலாளி கிளைக்கு மேல் கிளை விட்டார். சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் பெருநாளுக்கும் உள்ளே போனவன் வெளியே வர வழியிருக்காது. நெரிசலில் ஒரு தாய் தன் பிள்ளை என்று நினைத்து யாரோ பெற்ற பிள்ளையை வாசல்வரை இழுத்துக்கொண்டு போன கதையும் உண்டு.

அந்தக் கடையில் பாலம்மா வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவள். மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, கொழுந்துக் கூடை சுமந்தவளுக்குக் கூரைக்குக் கீழே நின்று செய்யும் வேலை கிடைத்தால் லேசுப்பட்ட காரியமா? அன்றைக்குச் சேர்ந்தவள்தான். கல்யாணமாகி, மகள் பிறந்து, புருஷன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து, என்ன வந்தபோதும் அவள் சுரங்கியை விடவில்லை. சுரங்கியும் அவளை விடவில்லை. மகளைப் படிக்கவைத்தது அந்தச் சம்பளம்தான். மகள் இப்போது குண்டசாலையில் தங்கி விவசாயம் படிக்கிறாள். காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது பாலம்மா அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள்.

தோட்டத்துச் சனத்துக்குச் சம்பளம் பத்தாம் தேதி. பள்ளிக்கூடம் திறக்கிறதோ அதற்கு முன்னால். சம்பளத்தை எண்ணிக்கொண்டு டவுனுக்கு இறங்கி வருவதற்குள் பிள்ளைகள் சைஸ் சப்பாத்தெல்லாம் பறந்துவிடும். அதற்குப் பாலம்மா ஒரு வழி வைத்திருந்தாள். பிள்ளையின் பாதத்துக்கு ஈர்க்குச்சியை வைத்து அளவாக முறித்து, அதில் பெயருக்கு ஒரு நிறத்தில் நூலைச் சுற்றி லயத்துப் பெண்கள் அவளிடம் கொடுத்துவிடுவார்கள். பாலம்மா அந்தக் குச்சிக்கட்டோடு பஸ்ஸேறி, சரியான சப்பாத்தை அளந்தெடுத்து, வாளி அடுக்குக்குப் பின்னால் ஒளித்துவைப்பாள். மெனேஜர் நளீர் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார். "அந்த மூலையில எலி இரிக்கி, நான் போறதில்ல" என்பார். நல்ல மனுஷன்.

எந்தக் கடைக்குத்தான் நல்ல காலம் நிரந்தரம்? நகரத்தில் படியேறாமல் மாடிக்குப் போகிற பெரிய கடைகள் வந்தன. வீட்டில் படுத்துக்கொண்டே போனில் சட்டை வாங்குகிற காலமும் வந்தது. அதற்கு மேல் வந்தது டொலர் இல்லாத வருஷம். சாமான் கப்பலிலிருந்து இறங்கவில்லை, இறங்கியதை வாங்கச் சனத்திடம் காசில்லை. மலிவு விலைக் கடையின் உயிரே மலிவில் இருக்கிறது. விலை ஏறிய பிறகு அங்கே யார் வருவார்கள்? முதலில் இரத்தினபுரி, பிறகு பதுளை, குருநாகல் என்று ஒவ்வொன்றாக ஷட்டர் விழுந்தது. கண்டிக் கடையில் மிஞ்சியது மூன்று பேர். நளீர், பாலம்மா, அக்குறணையிலிருந்து வரும் ஜெஸீமா.

ஒருநாள் நளீர் இரண்டு பெண்களையும் கூப்பிட்டார்.

"கேளுங்க. கொழும்புக் கொம்பனி ஒண்ணு சுரங்கியை வாங்கப் போகுதாம். வார புதன்கிழமை ஒரு ஒஃபிசர் வாரார். சனம் வார கடைய விட்டுவைப்பாங்களாம், வராத கடைய மூடுவாங்களாம். முதலாளி போன்ல சொன்னார்."

மூவரும் கடையைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரே ஒரு வாடிக்கையாளர் இருந்தார். அவரும் மழைக்கு ஒதுங்கியவர்.

பாலம்மா அன்று முழுவதும் விரல்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மகளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது. ஐம்பதை எட்டிய கிழவியை எந்தக் கடைக்காரன் எடுப்பான்? மறுபடியும் கொழுந்துக் கூடைதான், அதையாவது இந்த முதுகு தாங்குமா?

யோசனை சொன்னது ஜெஸீமா. "அக்கா, சனம்தானே வேணும்? நாம கொண்டு வருவோமே. உங்கட தோட்டத்தில எவ்வளவு சனம்! நான் எங்கட பாயிஸா சாச்சியக் கூட்டிட்டு வாரன். ஒஃபிசருக்கு யாரு வாடிக்கையாளர், யாரு சொந்தக்காரர்னு தெரியவா போகுது?"

பாலம்மா அன்றைக்கே பக்கத்து லயத்துப் பாப்பம்மாவைப் பிடித்தாள். இருவரும் ஒன்றாகக் காது குத்திக்கொண்டவர்கள். "பாப்பம்மா, பொதன்கிழம காலையில வரக்கூடியவங்களக் கூட்டிக்கிட்டுக் கடைக்கு வா. சும்மா வந்து சாமானப் பாருங்க, போதும். என்னயத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாது. சாதாரண உடுப்புல வாங்க. வெளங்குதா?"

"இது ஒரு வேலையா? நாங்க பாத்துக்கிறோம், போ" என்றாள் பாப்பம்மா.

புதன்கிழமை வந்தது. ஒஃபிசரும் நேரத்துக்கு வந்துவிட்டார். இராமகிருஷ்ணன் என்று பெயர், யாழ்ப்பாணத்துப் பக்கம். சின்ன வயது, அமைதியான முகம். கையில் அளவு நாடா வைத்திருந்தார். நளீரோடு கடையை அவர் சுற்றிவரும்போதே வாசலில் சத்தம் கேட்டது.

பாலம்மா திரும்பிப் பார்த்தாள். அடி ஆத்தே! கல்யாண வீட்டுக்குப் போகிற கூட்டம் வழி தவறி வந்ததுபோல இருந்தது. பெண்களெல்லாம் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. ஆண்கள் வெள்ளை வேட்டி. பிள்ளைகளுக்கு எண்ணெய் வழிய வழியத் தலைவாரிப் பவுடர் வேறு. அதுவும் போதாதென்று கை நிறையச் சாமான்! ஒருத்தி கையில் வாழைத்தார், ஒருத்தி இடுப்பில் பூசணிக்காய், இன்னொருத்தி பெரிய தூக்குச்சட்டியில் புளிச்சோறு. பொன்னையாக் கிழவரோ தோளில் ஒரு பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு மூச்சுவாங்க வந்து அதைக் கல்லாமேசையில் தொப்பென்று இறக்கினார். பின்னாலேயே ஜெஸீமாவின் சின்னம்மா, அக்குறணைப் பாயிஸா, வட்டிலப்ப இனிப்புத் தாச்சியோடு.

"ஏன்டி இதெல்லாம்?" என்று பாலம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பாப்பம்மாவின் காதில் கேட்டாள்.

"கூப்பிட்ட எடத்துக்கு வெறுங்கையோட வர முடியுமா? நம்ம சனத்துக்கு வழக்கமா அது?" என்று பாப்பம்மா ஊருக்கே கேட்கச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! தெரிந்த மாதிரி காட்டக்கூடாது என்று சொல்லியிருந்ததால், ஒவ்வொருத்தரும் பாலம்மாவிடம் வந்து, "ஒன்னயத் தெரியாத மாதிரித்தான் நிக்கிறோம், கவலப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பொன்னையா ஒரு சட்டையைக் கையில் எடுத்தவர், அதைக் கீழே வைத்தால் கெட்டுப்போகுமோ என்று பயந்து பொலிஸ்காரன்போல அப்படியே நின்றார். பிள்ளைகள் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடின. சாமான் பார்க்கத்தான் ஆளில்லை.

இராமகிருஷ்ணன் பொன்னையாவிடம் வந்தார். "ஐயா, என்ன வாங்க வந்தனீங்கள்?"

"வாங்கவா? நம்ம பாலம்மாவுக்கு வேல போகாம இருக்கச் சனத்தக் காட்டணும்னாங்க. அதான் வந்தோங்க" என்றார் பொன்னையா. பொய் சொல்ல அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே, பாவம்.

நளீர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஜெஸீமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாலம்மாவுக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் முன்னால் வந்து நின்றாள்.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க சேர். நான்தான் கூப்பிட்டேன். கடையில சனம் இல்ல. இருந்தது ஒரு காலத்துல, இப்ப இல்ல. எங்களுக்கு இத விட்டா வேற வழி தெரியல்ல."

இராமகிருஷ்ணன் அளவு நாடாவைச் சட்டைப் பையில் போட்டார்.

"அம்மா, உங்களுக்கு ஆர் அப்படிச் சொன்னது? சனத்தைப் பார்க்கச் சொல்லி என்னை ஒருத்தரும் அனுப்பேல்லை. கட்டிடத்தை அளக்கத்தான் வந்தனான். கடையை நடத்துற எண்ணம் கொம்பனிக்கு இல்லை. மாதக் கடைசியோட மூடுறதெண்டு எப்பவோ முடிவாயிட்டுது. உங்களுக்குச் சொல்லியிருப்பினம் எண்டு நினைச்சன்."

பிள்ளைகள்கூட வாளியைக் கழற்றிவிட்டு நின்றன. முதலாளிக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை போலும். இத்தனை வருஷம் சோறு போட்ட மனுஷன், அவரைத் திட்டவும் பாலம்மாவுக்கு மனம் வரவில்லை. அவள் கண் கலங்கவில்லை. "சரிங்க சேர், சொன்னதுக்குப் புண்ணியம்" என்றாள், அவ்வளவுதான்.

முதலில் அசைந்தது பாப்பம்மா. "சரி, போன வேலய அழுது புடிக்க முடியுமா? கொண்டு வந்த சோறு ஆறிப்போகுது. எல்லாரும் ஒக்காருங்க!"

கடை நடுவே புதுப் பாய்களை விரித்தார்கள். வாழையிலை இல்லை, சட்டைப் பெட்டி மூடிகளில் கடதாசி போட்டுப் புளிச்சோறும், அதற்குப் பிறகு வட்டிலப்பமும் பரிமாறினார்கள். பலாப்பழத்தை நளீரே வெட்டினார். இராமகிருஷ்ணன் வேண்டாம் வேண்டாம் என்றவர், பாப்பம்மாவின் அதட்டலுக்குப் பயந்து உட்கார்ந்து, இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், சுரங்கியில் அவ்வளவு சந்தோஷமான கூட்டம் அதற்கு முந்தின இரண்டு வருஷத்தில் வந்ததில்லை.

சாப்பிட்டுக் கை கழுவிய பாயிஸா பாலம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அக்குறணைக் கடைத்தெருவில் சொந்தமாக ஒரு துணிக்கடை.

"பாலம்மா, இந்தச் சனம் சுரங்கிக்கா வந்திச்சு, உங்களுக்கா வந்திச்சு?"

"எனக்காகத்தாங்க. அதாலதானே இவ்வளவு கூத்து."

"எங்கட கடையில சாமான் இரிக்கி, சனம்தான் இல்ல. நீங்களும் ஜெஸீமாவும் என்னோட வாங்க. பெரிய சம்பளம் தர ஏலா. ஆனா மகள்ட படிப்பு நிக்காது, அதுக்கு நான் பொறுப்பு. ஒரே ஒரு கண்டிஷன். அடுத்த முறை இவங்க வரக்குள்ள பூசணிக்காய வீட்டுல வெச்சிட்டு வரச் சொல்லுங்க."

ஜெஸீமா சாச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பாலம்மா பாயிஸாவின் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு கதவு சாத்தி முடிவதற்குள் இன்னொரு கதவு திறந்துவிட்டது. அவளுக்கு அது நம்ப முடியாமல் இருந்தது.

பின்னேரம் எல்லோரும் வத்தேகம பஸ்ஸுக்கு நடந்தார்கள். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிய பிறகுதான் பாலம்மாவுக்குக் கோபம் வந்தது.

"ஏன்டி பாப்பம்மா, சாதாரண உடுப்புல வாங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே! பட்டுச்சேலயும் பூவுமா வந்து நின்னீங்களே, ஒங்களுக்கு அறிவு இருக்கா?"

"அறிவு இருந்ததாலதான்டி அப்படி வந்தோம். இன்னைக்குப் பொதன்கிழம, வேல நாளு. பெரட்டுக்களத்துல தோட்டத்து ஐயா நின்னு பாத்துக்கிட்டே இருக்காரு. மொத்த லயமும் கண்டிக்குக் கட பாக்கப் போறோம்னா விடுவாரா? கல்யாணம்னு சொன்னோம். கல்யாணத்துக்குக் கொழுந்தெடுக்கிற சேலையிலயா போறது?"

பாலம்மா நடையை நிறுத்தினாள். வேலை நாள். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நிற்காதவர்களுக்கு அன்றைய சம்பளம் கிடையாது. அரிசி விற்கிற விலையில் ஒரு நாள் சம்பளம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? அந்த நினைப்பே இல்லாமல் புதன்கிழமை வாங்க என்று வாய் கூசாமல் கூப்பிட்டிருக்கிறாள். வந்தவர்களில் ஒருத்தரும் அதைச் சொல்லவில்லை.

"அப்ப இன்னைக்கு ஒங்க சம்பளம்?"

"போச்சு. அதுக்கென்னா இப்ப?" என்றாள் பாப்பம்மா, வாழைத்தாரை வைத்திருந்த சாக்கை மடித்துக்கொண்டே. "யாருக்குக் கல்யாணம்னு ஐயா கேட்டாரு. ஒன் மகளுக்குன்னு சொல்லிட்டோம். இனி நீ சீக்கிரமா ஒரு மாப்பிள்ளயப் பாரு."

கடை மூடுகிற செய்திக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பாலம்மா, கொழும்பு வீதியின் நடுவில், வருகிறவன் போகிறவன் எல்லாம் திரும்பிப் பார்க்க, பாப்பம்மாவின் பட்டுச்சேலையில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.